பங்குடைமையிலிருந்து விலகும் உரிமையும் முறைகேடான விலகலும்: உரோமச் சட்டம் முதல் இலங்கைச் சட்டம் வரை ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இருவரோ பலரோ ஒன்றுகூடிப் பொருளையும் உழைப்பையும் இட்டு ஒரு தொழிலை நடத்தி, அதனால் வரும் ஊதியத்தையும் இழப்பையும் தமக்குட் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு பங்குடைமை எனப்படும். பங்குடைமை எவ்வாறு தொடங்குகின்றது என்பதிலும் பார்க்க எவ்வாறு முடிவுறுகின்றது என்பதே வழக்குகளுக்குப் பெரிதும் இடமளித்து வந்துள்ளது. தொடங்குங்கால் கூட்டாளிகளிடையே நட்பும் நம்பிக்கையும் மிகுந்திருத்தலின், பிரிவைப் பற்றிப் பேசுதலே அபசகுனமாகக் கருதப்படுகின்றது. பிரியுங்காலோ பேசாது விடப்பட்ட அவ்வொன்றே எல்லாச் சச்சரவுக்கும் மூலமாகின்றது.

ஒரு பங்காளர் தாம் விரும்பிய வேளையில் விலகிச் செல்லலாமா? அவர் விலகுவதால் ஏனையோர் இழப்புற்றால் அதற்கு அவர் பொறுப்பாவாரா? விலகிய பின்னர் அவர் தனித்துப் பெறும் ஊதியம் யாருக்கு உரியது? இம்மூன்று வினாக்களுக்கும் உரோமச் சட்ட அறிஞர் கண்ட விடைகளை முதலில் ஆராய்ந்து, அவற்றைப் பண்டை இந்திய நீதிநூல்களின் கருத்தோடு ஒப்பிட்டு, அவ்விடைகள் ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்து 1866 ஆம் ஆண்டில் ஆங்கிலச் சட்டத்திற்கு இடம்விட்ட வரலாற்றை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். விலகும் உரிமை என்பதும் விலகியதற்கான பொறுப்பு என்பதும் வெவ்வேறானவை; இவ்விரண்டையும் வேறுபிரித்துக் கண்டமையே உரோம அறிஞரின் சிறப்பு. அவ்வேறுபாடு இலங்கைச் சட்டத்தில் எந்த அளவுக்கு நிலைபெற்றது, எவ்விடத்தில் நழுவிற்று என்பது நம்மவர் சிந்திக்க வேண்டிய ஒன்றாகும்.

உரோமப் பங்குடைமையின் தோற்றம்

உரோமப் பங்குடைமையின் வேர் வணிகத்தில் இல்லை, குடும்பத்திலேயே உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேயஸ் என்னும் சட்ட ஆசிரியரின் பாடநூல் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1816 ஆம் ஆண்டில் வெரோனா நகரத்து நூலகமொன்றிற் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் ஏட்டில் இல்லாதிருந்த ஒரு பகுதி, எகிப்திலிருந்து பெறப்பட்டு 1933 இல் வெளியிடப்பட்ட துண்டுகளால் நிரம்பிற்று. தந்தை இறந்த பின்னர் பிள்ளைகள் முதுசொத்தைப் பிரிக்காது பொதுவில் வைத்து ஆண்டுவந்த முறையே உரோமரிடையே மிகப் பழைய பங்குடைமை என்பது அத்துண்டுகளால் அறியப்படுகின்றது. உடன்பிறந்தார் அல்லாதாரும் அம்முறையைப் பின்பற்றி, நீதி அதிகாரியின் முன்னிலையில் தம்மைக் கூட்டாளிகளாக்கிக் கொள்ள இயன்றது.

உரோமப் பேரரசு விரிந்து கடல்வணிகம் பெருகியபோது இப்பழைய முறை போதாதாயிற்று. சடங்கின்றி, எழுத்தின்றி, மன இசைவு ஒன்றினாலேயே அமையும் பங்குடைமை ஒப்பந்தம் வழக்கிற்கு வந்தது. ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் இட்டுச் சேரலாம். அனைத்துச் சொத்தையும் பொதுவாக்கிக் கொள்ளலாம். ஒரேயொரு பொருளை வாங்குவதற்கென்றும் சேரலாம். எனினும் உடன்பிறப்பு உறவின் சாயல் முற்றாக மறைந்துவிடவில்லை. பங்காளர் ஒருவரையொருவர் வஞ்சித்தல் பெரும் இழிவாகக் கருதப்பட்டது. சிசரோ தம் வழக்குரை ஒன்றில், பங்குடைமை வழக்கைப் பாதுகாவலர் மீதான வழக்கோடும் நம்பிக்கைப் பொறுப்புப் பற்றிய வழக்கோடும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகின்றார். பங்குடைமை வழக்கில் தண்டிக்கப்பட்டவர் பணத்தை இழந்ததோடு குடிமகன் என்ற வகையில் தமக்கிருந்த நன்மதிப்பையும் சட்டத்தின் முன் இழந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

விலகும் உரிமை

மன இசைவால் ஆக்கப்பட்டது அவ்விசைவு உள்ளவரையே நிலைக்கும் என்பது கேயசின் கருத்து. எனவே ஒருவர் மற்றவருக்கு விலகலை அறிவித்த அளவிலேயே பங்குடைமை கலைந்துவிடும். பங்காளர் ஒருவரின் மரணத்தாலும் அது கலைந்தது. குறிப்பிட்ட ஒருவரைத் தேர்ந்தே மற்றவர் கூட்டுச் சேர்கின்றாராதலின், தேர்ந்தவர் இல்லாதபோது கூட்டும் இல்லை என அவர்கள் கொண்டனர். என்றென்றைக்குமான பங்குடைமை என ஒன்று இருத்தல் இயலாது என்று பவுலஸ் என்னும் அறிஞர் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார்.

அவ்வாறாயின், 'நான் விலகமாட்டேன்' என்று ஒருவர் வாக்களித்திருந்தால் யாது செய்வது? இவ்வினாவை உல்பியன் எழுப்பி, பொம்போனியசின் விடையைப் பாராட்டோடு எடுத்துக் காட்டுகின்றார். அத்தகைய வாக்குறுதியால் பயனில்லை என்பது அவ்விடை. வாக்குறுதி இல்லாதவிடத்தும் காலமல்லாக் காலத்தில் விலகுவோர் மீது வழக்குத் தொடரலாம்; வாக்குறுதி உள்ளவிடத்தும் தக்க காரணத்தோடு விலகுவோர் மீது அவ்வாறு செய்தல் இயலாது. ஆதலால் வாக்குறுதி நிலைமையை எவ்வாற்றானும் மாற்றுவதில்லை.

தக்க காரணங்கள் எவை என்பதையும் அவர்கள் வரையறுத்தனர். கூட்டுச் சேர்ந்தபோது விதிக்கப்பட்ட நிபந்தனை நிறைவேற்றப்படாமை, பொறுத்துக்கொள்ள இயலாத அளவுக்கு மற்றப் பங்காளர் தீங்கும் இழப்பும் விளைவித்தல், எப்பொருளின் பயனுக்காகக் கூட்டுத் தொடங்கப்பட்டதோ அதனைத் துய்க்க இயலாமற் போதல், அரசுப் பணியின் பொருட்டுத் தம் விருப்பத்திற்கு மாறாக நெடுங்காலம் வெளியூர் செல்ல நேர்தல் என்பன அவற்றுட் சில. உரோம நீதிபதி எவரையும் கூட்டிலே தொடர்ந்திருக்குமாறு கட்டளையிடவில்லை. விலகியவரிடம் கணக்குக் கேட்பதும் பணத்தால் ஈடு விதிப்பதும் மட்டுமே அவரது பணியாக இருந்தன.

முறைகேடான விலகல்

விலகலில் முறைகேடு மூவகையில் நிகழலாம் என்பது உரோம நூல்களை ஒருங்கே நோக்குவார்க்குப் புலனாகும். கி.பி. 533 இல் யுஸ்தினியன் பேரரசர் வெளியிட்ட 'டைஜெஸ்ட்' என்னும் தொகுப்பின் பதினேழாம் நூலில், பவுலசின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்ட பகுதியில் இம்மூன்றும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன.

முதலாவது, வஞ்சக நோக்கோடு விலகல். இருவர் தம் முழுச் சொத்தையும் பொதுவாக்கியிருக்கின்றனர். அவருள் ஒருவருக்கு ஒரு முதுசொத்து வந்து சேரவிருக்கின்றது. அதனைத் தாமே கொள்ளக் கருதி அவர் விலகலை அறிவிக்கின்றார். இங்கு விலகல் செல்லும். ஆனால் முதுசொத்தில் மற்றவருக்குரிய பங்கை அவர் கொடுத்தே தீரவேண்டும். அம்முதுசொத்துக் கடன்சுமையால் இழப்பையே தந்ததாயின் அவ்விழப்பு அவர் ஒருவரையே சாரும். இத்தகையவர் தம் கூட்டாளியைத் தம்மிடமிருந்து விடுவிக்கின்றாரேயன்றித் தம்மைக் கூட்டாளியிடமிருந்து விடுவித்துக்கொள்வதில்லை என்பது முதலாம் நூற்றாண்டு அறிஞரான கசியசின் கருத்து. முறைகேடான விலகல் ஒருபக்க விளைவையே உடையது என்னும் இக்கொள்கை பிற்காலச் சட்டங்கள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று.

இதனோடு இணைத்துக் காட்டப்படும் மற்றோர் உதாரணம் மிக நுட்பமானது. ஒரு பொருளை வாங்குவதற்கென இருவர் கூட்டுச் சேர்கின்றனர். தனியே வாங்கவேண்டும் என்று எண்ணி ஒருவர் விலகினால் மற்றவருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும். ஆனால் அப்பொருள் தமக்குப் பிடிக்கவில்லை என்ற காரணத்தால் அவர் விலகிவிட, மற்றவர் தனியே அதனை வாங்கினாராயின், விலகியவர் மீது குற்றமில்லை. செயல் ஒன்றே, எண்ணமே வேறு. கேயசும், விலகியவர் தேடிச் செல்லாது பின்னர் தற்செயலாகப் பெற்ற ஊதியம் அவருக்கே உரியது என்று கூறி, எண்ணத்தையே அளவுகோலாக்குகின்றார்.

இரண்டாவது, காலமல்லாக் காலத்தில் விலகல். இதனைப் பற்றி முதலிற் பேசியவர் அகஸ்தஸ் பேரரசர் காலத்து அறிஞரான லாபியோ ஆவர். அவர் தரும் உதாரணம் அக்காலச் சமுதாயத்தின் கொடிய பக்கத்தையும் காட்டுகின்றது. விற்பதற்கென அடிமைகளைக் கூட்டாக வாங்கிய இருவருள் ஒருவர், விலை வீழ்ந்திருக்கும் வேளையில் விலகுகின்றார். இங்கு வஞ்சகம் இல்லாதிருக்கலாம். ஆயினும் மற்றவரின் நிலையைக் கெடுத்தமையால் அவர் பொறுப்பாளி என்பது லாபியோவின் முடிவு. இதற்குப் புரோகியுலஸ் ஓர் எல்லை வகுத்தார். பார்க்கப்பட வேண்டியது தனியொரு பங்காளரின் வசதி அன்று. பங்குடைமையின் நலனே என்பது அவர் கூற்று. கூட்டுக்குக் கேடில்லாதபோது, ஒருவருக்கு வசதிக்குறைவு என்பதனால் மட்டும் விலகல் குற்றமாகிவிடாது.

மூன்றாவது, குறித்த காலம் முடியுமுன் விலகல். காலம் குறித்துச் சேர்ந்தவர் இடையில் விலகினால், அதன் பின்னர் வரும் ஊதியத்தில் அவருக்குப் பங்கில்லை. இழப்பு வந்தாலோ தம் பங்கை அவர் ஏற்க வேண்டும். தவிர்க்கவியலாத தேவையின் பொருட்டு விலகியவருக்கு இவ்விதி பொருந்தாது. குறித்த காலம் முடிந்தபின் எவரும் தடையின்றி விலகலாம்.

அறிவித்தல் பற்றியும் உரோமர் சிந்தித்தனர். வெளியூரிலிருக்கும் பங்காளருக்கு விலகல் அறிவிக்கப்பட்டால், அச்செய்தி அவருக்கு எட்டும்வரை இடைப்பட்ட காலத்தில் விலகியவர் ஈட்டியது பொதுவிற்சேரும். அவருக்கு நேர்ந்த இழப்பு அவரையே சாரும். செய்தி அறியாதவர் ஈட்டியதோ அவருக்கே உரியது; அவரது இழப்பு மட்டும் பொதுவானது. அறியாதவரைக் காப்பதும் அறிந்து விலகியவர் மீது பாரத்தை ஏற்றுவதும் இவ்விதியின் உட்கருத்து எனலாம்.

பண்டை இந்திய நூல்களின் நோக்கு

உரோமரின் இக்கொள்கையைத் தெளிவாக விளங்கிக்கொள்வதற்கு, ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டி எழுந்த இந்திய நீதிநூல்களோடு ஒப்பிடுதல் துணைபுரியும். கூடிச் செய்யும் தொழில் என்பது இந்நூல்களில் வழக்கிற்குரிய விடயங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டுள்ளது. கௌடிலீயரின் அர்த்தசாஸ்திரம் மூன்றாம் அதிகரணத்தின் பதினான்காம் அத்தியாயத்தில் இதனை ஆராய்கின்றது.

அங்கு வரும் விதிகள் உரோம விதிகளுக்கு எதிர்த்திசையிற் செல்கின்றன. வேலை தொடங்கிய பின்னர் உடல்நலமுள்ள ஒருவர் கூட்டைவிட்டு நீங்கினால் அவருக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். நீங்குவதற்கு அவருக்குச் சுதந்திரம் இல்லை என்று நூல் வெளிப்படையாகவே கூறுகின்றது. நோயுற்றவரின் நிலை வேறு. சரக்கு எடுத்துப் புறப்பட்ட பின்னர் ஒருவர் உடல் தளர்ந்துவிட்டால், அவருடைய பங்கை அப்போதே கொடுத்துவிட வேண்டும். வழியில் நேரக்கூடிய வெற்றியும் தோல்வியும் எல்லாருக்கும் பொதுவாக இருத்தலே அதற்குக் காரணம். கூட்டுச் சொத்தைத் திருடியவருக்கு முதன்முறை அபயம் அளித்து உண்மையை வெளிப்படச் செய்து பங்கும் கொடுக்கலாம். மறுமுறை திருடினாலோ, வேறிடம் போய்ச் சேர்ந்தாலோ நாடு கடத்தலே தண்டனை. யாக்ஞவல்கிய ஸ்மிருதி மற்றொரு பக்கத்தை எடுத்துரைக்கின்றது. வஞ்சகனான பங்காளியை ஊதியமின்றி வெளியேற்றலாம் என்றும், தாமே செய்ய இயலாதவர் வேறொருவரைக் கொண்டு தம் வேலையைச் செய்விக்கலாம் என்றும் அது விதிக்கின்றது.

ஒரே சிக்கலுக்கு இருவேறு விடைகள் தோன்றியமைக்குக் காரணம் யாது? உரோம அறிஞர் பெரும்பாலும் மனத்திற் கொண்டது பணத்தால் அளவிடத்தக்க சொத்துக் கூட்டு. அதிலிருந்து ஒருவர் நீங்கினால் ஏற்படும் குறையைப் பணத்தால் நிரப்பலாம். கௌடிலீயர் மனத்திற் கொண்டது உழவர், வணிகர், வேலையாட்கூட்டத்தார் ஆகியோரின் உழைப்புக் கூட்டு. விதைப்பின் நடுவிலோ காட்டுவழியின் நடுவிலோ ஒருவர் நீங்கிவிட்டால், ஏனையோரின் விளைவும் உயிருமே இடருக்குள்ளாகும். ஆதலின் ஒருவர் விலகல் அங்குக் குற்றமாகின்றது. இங்கு அது கணக்குத் தீர்க்கும் விவகாரமாகின்றது. கூட்டு எதற்காக அமைந்ததோ அதுவே விலகலின் விதியையும் நிர்ணயிக்கின்றது என்பது இவ்வொப்பீட்டாற் பெறப்படும். காலமல்லாக் காலத்து விலகலைப் பற்றிய லாபியோவின் கருத்து மட்டும் இவ்விரு மரபுகளும் அணுகி நிற்கும் இடமாகும். ஏனெனில் அங்குத் தான் உரோமச் சட்டமும், வஞ்சகமற்றவராயினும் நடுவழியில் மற்றவரைக் கைவிட்டவரைப் பொறுப்பாளியாக்குகின்றது.

ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு

யுஸ்தினியனின் தொகுப்பு இடைக்கால ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களில் மீண்டும் பயிலப்பட்டு, நாடுதோறும் உள்ளூர் வழமைகளோடு கலந்தது. பிரான்சில் 1764 இல் பொத்தியே பங்குடைமை பற்றித் தனிநூல் எழுதினார். 1804 ஆம் ஆண்டுப் பிரெஞ்சுக் குடியியற் சட்டக்கோவை, காலம் குறியாத பங்குடைமையிலிருந்து விலகுவோர் நன்னம்பிக்கையோடும் பொருத்தமான காலத்திலும் விலக வேண்டும் என விதித்தது. பவுலசும் லாபியோவும் சொன்னவற்றின் சுருக்கமே அது. ஒல்லாந்தில் குரோத்தியஸ், வான் லீவன், வூற் ஆகியோர் உரோமச் சட்டத்தையும் ஒல்லாந்த வழமையையும் இணைத்து எழுதிய நூல்கள் நீதிமன்றங்களில் ஆதாரமாகக் கொள்ளப்பட்டன.

ஒல்லாந்தர் 1656 இற் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியபோது இச்சட்டமும் அவர்களோடு வந்தது. யாழ்ப்பாணத்து வழமைகளை அவர்கள் 1706–1707 இல் தேசவழமையாகத் தொகுப்பித்தனர். தேசவழமை வணிகக் கூட்டுக்கான சட்டமன்று. எனினும் பொதுவுடைமையிலிருந்து ஒருவர் நீங்கும் முறைபற்றி அதில் அமைந்துள்ள ஒரு வழமை ஈண்டு நோக்கற்பாலது. காணியில் தமக்குள்ள பங்கை விற்க விரும்பியவர், அதனை முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்க வேண்டியிருந்தது. அவர்கள் வாங்காதவிடத்தே புறத்தாருக்கு விற்கலாம். இவ்வழமை பின்னர் 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டது. நீங்குதல் தடுக்கப்படவில்லை, எஞ்சியிருப்போருக்கு அறிவித்த பின்னரே நீங்குதல் வேண்டும் என்பதே முறை. விலகுவோரின் சுதந்திரத்தையும் எஞ்சுவோரின் நலனையும் ஒருங்கே பேணும் எண்ணம் நம்மவர் வழமைக்கும் புதியதன்று என்பதற்கு இது சான்றாகும்.

ஆங்கிலேயர் இந்நாட்டின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பின்னர், 1799 செப்ரெம்பர் 23 ஆம் திகதியப் பிரகடனத்தால் ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களும் நிறுவனங்களும் தொடர்ந்து நிலவ இடமளித்தனர். அதன் பயனாக, வேறு விதி செய்யப்படாதவரை, பங்குடைமையிலிருந்து விலகுதலும் உரோமன் ஒல்லாந்துச் சட்டத்துக்கு உட்பட்டதாயிருந்தது.

1866 ஆம் ஆண்டின் மாற்றம்

கோப்பிப் பெருந்தோட்டங்களும் அவற்றுக்குப் பொருளுதவிய ஆங்கில வணிகக் கூட்டகங்களும் ஓங்கியிருந்த காலத்தில், வணிகச் சட்டம் இங்கிலாந்தின் சட்டத்தோடு ஒத்திருத்தல் வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. 1866 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், பங்குடைமை, கூட்டுத்தாபனம், வங்கித்தொழில், முதல்வர்–முகவர் உறவு முதலிய விடயங்களில் அவ்வக் காலத்தில் இங்கிலாந்தில் நிலவும் சட்டமே இலங்கையிலும் கையாளப்படும் என விதித்தது. உள்ளூர்க் கட்டளைச்சட்டம் எதனாலும் வேறுவிதமாக ஏற்பாடு செய்யப்பட்டிருந்தால் அதுவே மேலோங்கும் என்ற விலக்கும் அதில் இருந்தது. இவ்விலக்கின் முக்கியத்துவத்தைப் பின்னர்க் காண்போம். இவ்வாறாக, இங்கிலாந்தின் 1890 ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம் இலங்கைக்கும் உரியதாயிற்று.

அச்சட்டத்தின்படி, காலம் குறிக்கப்படாத பங்குடைமையை எந்தப் பங்காளரும் ஏனையோர் அனைவருக்கும் அறிவித்தல் கொடுத்து எந்நேரத்திலும் முடிவுக்குக் கொண்டுவரலாம். காலம் குறித்த பங்குடைமை அக்காலம் முடியும்போது கலையும். பங்காளரின் நடத்தை தொழிலுக்குக் கேடு விளைவித்தல், தொழில் இழப்போடு மட்டுமே நடைபெறக்கூடியதாயிருத்தல் முதலிய காரணங்களால் நீதிமன்றமும் அதனைக் கலைக்கலாம். தொழில் கலைந்தபின் கணக்குத் தீர்க்காது எஞ்சியோர் அதனைத் தொடர்ந்து நடத்தினால், நீங்கியவர் தம் பங்கினால் விளைந்த ஊதியத்தையோ ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீத வட்டியையோ தெரிந்து பெறலாம். உரோமத்தில் இல்லாத ஒரு தேவையையும் ஆங்கிலச் சட்டம் நிறைவு செய்தது. உரோமப் பங்குடைமை கூட்டாளிகளிடை உள்ள உறவாகவே பெரிதும் நின்றுவிட, ஆங்கிலச் சட்டத்தில் ஒவ்வொரு பங்காளரும் ஏனையோரின் முகவராவர். எனவே விலகியவர் புறத்தாருக்கும் தம் விலகலை அறிவிக்க வேண்டும். முன்பு கொடுக்கல் வாங்கல் இல்லாதோருக்கு வர்த்தமானி அறிவித்தல் போதுமானதாகும்.

உரோமர் கண்ட மூவகை முறைகேடுகளுள் எவை இச்சட்டத்தில் எஞ்சின? வஞ்சக விலகல் எஞ்சிற்று. 1810 ஆம் ஆண்டிலேயே ஃபெதர்ஸ்ரன்ஹோ எதிர் ஃபென்விக் என்னும் வழக்கில், கண்ணாடித் தொழிற்சாலையொன்றின் பங்காளருட் சிலர் பங்குடைமையைக் கலைக்கும் வேளையில் அவ்விடத்தின் குத்தகையைத் தம் பெயரில் மறைவாகப் புதுப்பித்துக்கொண்டபோது, அக்குத்தகை கூட்டுக்கே உரியது எனத் தீர்க்கப்பட்டது. முதுசொத்தைத் தனியே கொள்ள விலகியவரைப் பற்றிக் கேயஸ் கூறியதற்கும் இதற்கும் பொருளில் வேறுபாடில்லை. காலத்துக்கு முன் விலகலும் ஒப்பந்த மீறலாகக் கணிக்கப்பட்டது. காலமல்லாக் காலத்து விலகல் மட்டும் சட்டத்தின் வாசகத்தில் இடம்பெறவில்லை. 'எந்நேரத்திலும்' என்ற சொல் லாபியோவின் அடிமை வணிகனையும் அடக்கிக்கொண்டது. உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தைப் பங்குடைமையிற் கைவிடாத தென்னாபிரிக்காவிலோ, விலகல் நன்னம்பிக்கையோடும் தகாத காலமல்லாத வேளையிலும் நிகழ வேண்டும் என்ற விதி நிலைத்தது. ஒரே மூலத்திலிருந்து பெற்ற இரு நாடுகள் இவ்விடத்திற் பிரிந்தன.

ஆங்கில மரபைத் தழுவிய அமெரிக்க நீதிமன்றங்கள் இக்குறையை நன்னம்பிக்கை என்ற கோட்பாட்டைக் கொண்டே நிரப்ப முயன்றன. கலிபோர்னிய உயர் நீதிமன்றம் 1961 இல் தீர்த்த பேஜ் எதிர் பேஜ் என்னும் வழக்கில் உடன்பிறந்தார் இருவர் வாய்மொழி உடன்பாட்டின் மீது துணிகள் வழங்கும் தொழிலொன்றை நடத்தினர். எட்டாண்டளவு இழப்பில் நடந்த தொழில், அருகில் விமானப்படைத் தளமொன்று வளர்ந்தமையால் ஊதியம் தரத் தொடங்கிய வேளையில், கூட்டின் பெருங்கடனுக்கு உரிய கூட்டகத்தைத் தம் வசம் வைத்திருந்தவர் பங்குடைமையைக் கலைக்க விரும்பினார். காலம் குறியாத பங்குடைமையாதலால் அவர் கலைக்கலாம்; ஆனால் வரவிருக்கும் வளத்தை மற்றவருக்குத் தக்க ஈடின்றித் தாமே கவர்ந்துகொள்ளும் பொருட்டுக் கலைத்தால் அது முறைகேடாகும் என நீதியரசர் திரெய்னர் விளக்கினார். அந்நாட்டின் 1914 ஆம் ஆண்டுச் சீர்மைப் பங்குடைமைச் சட்டம், ஒப்பந்தத்துக்கு மாறாகக் கலைத்தவரின் பங்கைக் கணிக்கும்போது தொழிலின் நற்பெயர் மதிப்பைச் சேர்த்தலாகாது என விதித்திருந்தது. அதனைத் திருத்திய 1994 ஆம் ஆண்டுச் சட்டம், விலகும் ஆற்றல் எப்போதும் உண்டு, ஆனால் சில விலகல்கள் முறைகேடானவை, அவற்றுக்கு நட்டஈடு உண்டு என்று இரண்டையும் வெளிப்படையாகவே பிரித்துக் கூறிற்று. பொம்போனியஸ் கண்ட வேறுபாடு பதினெட்டு நூற்றாண்டுகளின் பின் சட்ட வாசகமாயிற்று எனலாம்.

எழுத்தும் கணக்கும்

இலங்கையின் நிலைமைக்கு மீள்வோம். மேலே குறிப்பிட்ட விலக்கு இவ்விடத்திலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம், மூலதனம் நூறு பவுணுக்கு மேற்பட்ட பங்குடைமையை நிறுவும் உடன்பாடு எழுத்தில் அமைந்து ஒப்பமிடப்பட்டாலன்றிச் சட்டவலு உடையதாகாது என விதித்தது. இந்நூறு பவுண் பின்னர் ஆயிரம் ரூபா எனக் கொள்ளப்பட்டது. புறத்தார் பங்காளர் மீது வழக்கிட்டு, அவர்கள் கூட்டாகத் தொழில் நடத்தியமையைச் சூழ்நிலைச் சான்றுகளால் நிறுவுவதற்கு மட்டும் இத்தடை பொருந்தாது.

இங்கிலாந்தில் வாய்மொழிப் பங்குடைமை செல்லும். ஆகவே அங்கு ஓர் அறிவித்தலால் விலகுபவர், தம் பங்கைக் கேட்டு நீதிமன்றம் செல்லும்போது கணக்குப் புத்தகங்களையும் கடிதங்களையும் கூட்டாளிகளின் நடத்தையையும் கொண்டு கூட்டு இருந்தமையை நிறுவலாம். இலங்கைக்கு 1866 இல் வந்து சேர்ந்தது ஆங்கிலச் சட்டத்தின் எளிய விலகல். இங்கு முன்னரே இருந்தது 1840 இன் கடுமையான எழுத்து விதி. இவ்விரண்டும் ஒருங்கே நின்றமையால் விளைந்த நிலை கருத்திற்குரியது. ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட மூலதனத்தோடு எழுத்தின்றித் தொடங்கிய கடையொன்றில், பணமிட்டவர் ஒருவரும் பல்லாண்டு உழைத்தவர் ஒருவரும் பங்காளராய் இருந்தனர் என்று கொள்வோம். கடன்கொடுத்தவர் வழக்கிட்டால் உழைத்தவரும் பங்காளரென நிறுவப்பட்டு அவரும் கடனுக்குப் பொறுப்பாக்கப்படலாம். அவரே விலகித் தம் பங்கைக் கேட்டாலோ, பங்குடைமை உடன்பாட்டை நிறுவ அவரிடம் சட்டம் ஏற்கும் சான்று இல்லை. இழப்புக்குப் பங்காளர், ஊதியத்துக்குப் புறத்தார் என்ற இந்நிலை, காலத்துக்கு முன் வஞ்சகமாக விலகியவருக்கு உரோமர் விதித்த தண்டனையை ஒத்ததாகும். வேறுபாடு ஒன்றே: உரோமத்தில் அது முறைகேடு செய்தவருக்கு உரியது, இங்கோ எழுதாது நம்பியவரைச் சார்ந்தது.

எழுத்து விதியின் நோக்கம் பொய் வழக்குகளைத் தடுத்தல் என்பதை மறுப்பதற்கில்லை. பங்காளரல்லாத ஒருவர் பங்கு கோரி வருவதிலிருந்து உண்மையான உரிமையாளரை அது காத்ததும் உண்டு. எனினும் உறவினரும் ஊரவரும் நம்பிக்கையையே முதலாக இட்டுத் தொழில் தொடங்கும் சமுதாயத்தில், அவ்விதியின் பாரம் பெரும்பாலும் கணக்குப் புத்தகம் தம் கையில் இல்லாதவர் மீதே விழும் என்பதும் மறுக்கற்பாலதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகள் பெறப்படும். எவரையும் அவர் விருப்பத்திற்கு மாறாகக் கூட்டில் இருத்தி வைத்தலாகாது என்பது உரோமச் சட்டம் நிறுவிய அடிப்படை. உழைப்புக் கூட்டை மனத்திற் கொண்ட இந்திய நூல்கள் இதனை ஏற்கவில்லையாயினும், நோயுற்றவருக்கும் இயலாதவருக்கும் அவையும் வழி விட்டன. இரண்டாவதாக, விலகும் சுதந்திரம் உண்டு என்பதனால் விலகலின் விளைவிலிருந்தும் விடுதலை உண்டு என்று கொள்ளுதல் தவறு. வஞ்சகத்தாலோ காலமறியாமையாலோ மற்றவரைக் கெடுத்தவர் அதற்கு ஈடு செய்தல் வேண்டும். மூன்றாவதாக, இலங்கையில் 1866 ஆம் ஆண்டு மாற்றத்தால் காலமல்லாக் காலத்து விலகல் பற்றிய விதி சட்ட வாசகத்திலிருந்து நீங்கிற்று. எழுத்து விதியோ விலகுபவரின் கணக்குக் கேட்கும் உரிமையையே பலருக்கு எட்டாததாக்கிற்று.

விலகும் உரிமை கணக்குக் கேட்கும் உரிமையோடு இணைந்ததாகும். பின்னது இல்லாதவிடத்து முன்னது, இட்ட பொருளையும் செலுத்திய உழைப்பையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியேறும் உரிமையாக மட்டுமே எஞ்சும். உரோம அறிஞர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஆதலினாலேயே விலகலுக்கும் கணக்குக்கும் ஒரே வழக்கை வகுத்தனர். கூட்டாகத் தொழில் தொடங்குவோர் பிரிவைப் பற்றிய ஏற்பாட்டையும் அன்றே எழுதி ஒப்பமிடுதல் அவநம்பிக்கையின் அறிகுறியன்று. பிரிய நேர்ந்தாலும் பகைவராய்ப் பிரியாதிருப்பதற்கு அவர்கள் தமக்குட் செய்துகொள்ளும் முதல் நன்மை அதுவேயாகும்.